பங்கு வேண்டாம் என்றால்: பவரா, விடுதலையா?

அப்பா உயில் எழுதவில்லை. வீடு அவர் சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டியது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நான், தம்பி மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. என் பங்கு தம்பிக்கே போகட்டும் என்று நான்தான் சொன்னேன். (சீர் செய்தாகிவிட்டது, பங்கு எதற்கு என்று கேட்டு வாங்கும் கையெழுத்து வேறு கதை. அதைப் போடாதீர்கள்.)

முத்திரைத்தாளில் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதிக்கொடுப்பதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை விடுவதென்றால் பத்திரம் பதிவாக வேண்டும். பதிவாகாத தாள் பீரோவில் கிடக்கத்தான் லாயக்கு.

தம்பி கேட்டது பவர் பத்திரம், அதாவது என் சார்பில் கையெழுத்துப் போட அவனுக்கு அதிகாரம் தரும் பத்திரம். "ஒரு பவர் மட்டும் கொடுத்துடுக்கா, மத்ததை நான் பாத்துக்கறேன்." செலவு குறைவு, மனம் மாறினால் ரத்து செய்யலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வசதியும்கூட. ஆனால் பவர் கொடுப்பதால் பங்கு கைமாறாது. 2011இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

என்னை யோசிக்க வைத்தது வேறு ஒரு கேள்வி. நாளைக்கே நான் போய்விட்டால்? கொடுத்தவர் இறந்த நொடியில் பவர் செத்துவிடும். என் பங்கு என் கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வந்து சேரும். அப்புறம் தம்பி வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ மூன்று பேரிடம் போய் நிற்க வேண்டும். அதில் சின்னவள் மைனர். மைனரின் அசையாச் சொத்தை விற்க அவள் அப்பாவே ஆனாலும் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். வாங்க வருபவரின் வக்கீல் இந்த ஒரு வரியைப் பார்த்தாலே ஃபைலை மூடிவிடுவார். தம்பிக்கு நல்லது செய்யப்போய், வழக்கை எழுதிவைத்துவிட்டுப் போன மாதிரி ஆகிவிடும்.

ஆகவே விடுதலைப் பத்திரம், அதாவது பங்குள்ள ஒருவர் தன் உரிமையைப் பங்குள்ள இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். வாரிசுச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், தாய்ப்பத்திரம் (வீட்டின் மூலப் பத்திரம்) எல்லாம் சேர்த்து சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்தோம். என் பங்கு அன்றே தம்பியிடம் போய்விட்டது. வில்லங்கச் சான்றிலும் அந்தப் பதிவு ஏறிவிட்டது. இனி நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மூன்றில் ஒன்றுக்கு என் வீட்டார் கையெழுத்து தேவையில்லை. மனம் மாறினாலும் நான் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. கையெழுத்துப் போடும்முன் இரண்டு நாள் தூக்கம் வராததற்கு அதுதான் காரணம்.

செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் என்றால் விடுவிக்கும் பங்கின் மதிப்பில் முத்திரைத் தீர்வை 1%, பதிவுக் கட்டணம் 1%. ஜூலை 2023 முதல் இவற்றுக்கு உச்சவரம்பு முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். பங்கு 12 லட்சம் என்றால் 12,000 ரூபாயும் 10,000 ரூபாயும், அதோடு பத்திர எழுத்தர் கூலி.

குடும்பத்துக்குள் பணம் வாங்காமல் சொத்தை எழுதிக்கொடுக்கும் தான செட்டில்மெண்டுக்கும் இதே கணக்குதான். பங்கே இல்லாத ஒருவருக்கு, தம்பி மனைவிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், கொடுப்பதானால் அதுதான் வழி. ஆனால் சட்டம் சொல்லும் குடும்பப் பட்டியலில் அவர் வரமாட்டார் என்பதால் தீர்வை எகிறும்.

நான் பணம் வாங்காமல் எழுதிக்கொடுத்தேன். பணம் வாங்கிக்கொண்டு விடுவிப்பவர்களுக்கு மூலதன ஆதாய வரி உண்டு. அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் இல்லை, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் பத்திரம் பதிந்த பிறகுதான் கவனித்தேன். அம்மாவின் பங்கு அம்மாவிடமே இருக்கிறது. அவரும் உயில் எழுதாமல் போனால் அதில் பாதி எனக்கு வரும். அதையும் இப்போதே விட்டுக்கொடுத்துவிடலாமா என்று எழுத்தரிடம் கேட்டேன். "அம்மா இருக்கும்போது உங்களுக்கு அதில் என்னம்மா இருக்கு, விடறதுக்கு?" என்றார். சட்டமும் அப்படித்தான், வரப்போகும் வாரிசுரிமையை முன்கூட்டியே கைமாற்ற முடியாது. உயில் பேச்சை எடுத்தால் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.