ஓப்பன்எல்பி: சனிக்கிழமை இரவைப் போதகருக்குத் திருப்பிக் கொடுக்கும் மென்பொருள்

ஆலயத்தில் பாட்டு வரிகளையும் வேத வசனங்களையும் திரையில் காட்டுவதற்கு ஓப்பன்எல்பி என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. எங்கள் சேகரத்தில் (ஒரே போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) ஞாயிறுதோறும் அதைத்தான் ஓட்டுகிறோம். கணினி தெரிந்தவர்கள் இதைப் பற்றி எழுதும்போது அதிலுள்ள வசதிகளை வரிசையாகச் சொல்வார்கள். ஒரு குருவானவராக நான் பார்த்தது ஒன்றைத்தான்: இது ஊழியரின் பாரத்தைக் குறைக்கிறதா, அதன் மேல் இன்னொன்றை ஏற்றுகிறதா? குறைக்கிறது. ஆனால் அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரம் என்றாலே உடன் ஊழியர்களுக்கு நிலைமை விளங்கும். தலைமைச் சபை ஒன்று, சுற்றிலும் சிறு சிறு சபைகள். இங்கே காலை ஆராதனையை முடித்து, அங்கியை மடித்துப் பையில் வைத்து, பைக்கை எடுத்து அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். நடுவில் ஒரு அடக்க ஆராதனை வரும், வியாதியஸ்தரைப் பார்க்கப் போக வேண்டும், கமிட்டிக் கூட்டம் இரவு பதினோரு மணியைத் தாண்டும். இவற்றில் எதையும் நான் பாரமாகச் சொல்லவில்லை, இதற்காகத்தான் அழைக்கப்பட்டோம். ஆளைச் சோர்ந்து போக வைப்பவை சில்லறை வேலைகள். குருமனைகளில் சனிக்கிழமை இரவு எப்படிப் போகிறது என்று எந்த ஐயரம்மாவை, அதாவது போதகரின் மனைவியைக் கேட்டாலும் சொல்வார்கள். நாளைய பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து பவர்பாயிண்டில் ஒட்டிக்கொண்டிருப்போம். பத்து மணிக்குப் பாடகர் குழுத் தலைவர் போன் செய்து, "ஐயா, மூணாவது பாட்டை மாத்திருக்கோம்" என்பார். பிரசங்கக் குறிப்பு மேசையிலேயே கிடக்கும்.

இந்த மென்பொருள் 2004இல் தொடங்கிய திட்டம். பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதி, கட்டற்ற மென்பொருளாக வெளியிடுகிறார்கள். சந்தா கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரு பாட்டை ஒருமுறை உள்ளே ஏற்றிவிட்டால் போதும், அது அங்கேயே இருக்கும். அடுத்த தடவை முதல் வரியில் ஒரு சொல்லைத் தட்டினால் வந்து நிற்கும். பாட்டுப் புத்தகத்தின் பெயரும் எண்ணும் பதிய இடம் இருக்கிறது. எங்கள் சபைகளில் பெரியவர்கள் பாட்டை எண்ணால்தான் சொல்வார்கள். அதனால் பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் எண்களை மறக்காமல் பதியுங்கள். ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே பாட்டை மாற்றினாலும் இயக்குகிறவர் பதறத் தேவையில்லை. திரையில் போவது ஒரு பக்கமும் அடுத்துப் போகப்போவது இன்னொரு பக்கமுமாகக் கணினியில் தனித்தனியே தெரியும். சபையார் கண்ணில் படாமல் அடுத்ததை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கீர்த்தனைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் பல சபைகள் இடறி, "இது இங்கிலீஷ் பாட்டுக்குத்தான் சரி" என்று விட்டுவிடுகின்றன. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்கள் நமக்கு விட்டுப்போன கீர்த்தனைகள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டில் அமைந்தவை. ஓப்பன்எல்பி பாட்டின் பகுதிகளை வெர்ஸ், கோரஸ், பிரிட்ஜ், ப்ரீ-கோரஸ் என்று பிரித்து வைத்திருக்கிறது. பல்லவியைக் கோரஸ் என்றும், அனுபல்லவியை ப்ரீ-கோரஸ் என்றும், சரணங்களை வெர்ஸ் என்றும் ஏற்றுங்கள். பிறகு பாடும் வரிசையைக் குறிக்க ஒரு பெட்டி இருக்கிறது. பல்லவி, அனுபல்லவி, முதல் சரணம், மறுபடி பல்லவி என்று அதில் வரிசையைப் பதிந்துவிட்டால், பல்லவியை ஒருமுறை தட்டச்சு செய்தாலே போதும். பாடும்போது தானாகத் திரும்பத் திரும்ப வரும். உங்கள் சபையில் எந்தச் சரணத்தை விட்டுவிட்டுப் பாடுவீர்கள் என்பதையும் அந்த வரிசையிலேயே வைத்துக்கொள்ளலாம். பவர்பாயிண்டில் பல்லவிக்காகப் பின்னோக்கித் தாவும்போது, சபை ஒரு வரியிலும் திரை ஒரு வரியிலுமாக நிற்குமே, அந்தத் தொல்லை இதில் இல்லை.

அடுத்த சிக்கல் எழுத்துரு. எந்தச் சபையின் பழைய கணினியைத் திறந்தாலும் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பாட்டுகள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். எத்தனையோ இளைஞர்கள் ராத்திரி கண் விழித்து அடித்தவை. அவற்றை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத்தான் தெரியும். அந்த உழைப்பைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்கி, ஒரு ஆள் வரிவரியாகப் பிழை பார்த்தால் அத்தனையும் பயன்படும். பிழை பார்க்கும் வேலையை ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் சபையில் அப்படி ஒருவர் இருக்கிறார். ஆலயப் பணியில் தனக்கு இனி இடமில்லை என்று ஒதுங்கியிருந்தவர். கீர்த்தனை ஏட்டையும் திரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வல்லினம் மிகும் இடம் மிகா இடம் எல்லாம் பார்த்து அவர் திருத்திக் கொடுத்ததைப் பார்த்தபோது, இந்த மென்பொருளால் சபைக்குக் கிடைத்த முதல் நன்மை இதுதான் என்று தோன்றியது.

எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர் நன்றாக இருக்கும், இரண்டும் இலவசம். தடித்த எழுத்தாக வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்தைப் பெரிதாக்கினால் வரி உடைந்து அடுத்த வரிக்கு ஓடும். ஆகவே ஒரு திரைக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம், பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் வரியை முடியுங்கள். பின்னணியில் அருவியும் ரோஜாவும் வேண்டவே வேண்டாம். கருநீலத்தில் வெள்ளை எழுத்து போதும். முன்வரிசையில் உட்காரும் ஒரு ஆச்சி என்னிடம் சொன்னார்கள்: "ஐயா, புஸ்தகத்துல எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கும். சும்மா வாயை அசைச்சிக்கிட்டு நிப்பேன். இப்பதான் நாலாஞ்சரணம் வரைக்கும் பாடுதேன்."

வேத வசனத்தைப் பொறுத்தவரை, தமிழ் வேதாகமம் உள்ளேயே வராது. ஒசிஸ், செஃபானியா போன்ற வடிவங்களில் இருக்கும் கோப்பைத் தேடி எடுத்து நாம்தான் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு புத்தகப் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள அமைப்புகளில் வழி இருக்கிறது. இரண்டு மொழிபெயர்ப்புகளைச் சேர்த்துக் காட்டும் வசதியும் உண்டு. சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கும் கிறிஸ்மஸுக்கும் பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் வரும் பேரப்பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. அன்றைக்கு ஆங்கிலத்தையும் சேர்த்துப் போடுகிறோம். மற்ற ஞாயிறுகளில் வேதபாடம் வாசிக்கும்போது திரையை இருட்டாக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். அவரவர் வேதாகமத்தைத் திறந்து அந்த வசனம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கிற பழக்கத்தை நம் கையாலே அழிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இதில் உங்கள் சபை வேறு முடிவெடுக்கலாம்.

ஆராதனை முறைமைக்கு 'கஸ்டம் ஸ்லைடு' என்ற பகுதி பயன்படுகிறது. மாறி மாறி வாசிக்கும் சங்கீதத்திலும் திருவிருந்து ஆராதனையிலும் சபையார் சொல்லும் வரிகளுக்கு மட்டும் மஞ்சள் நிறக் குறி போட்டு வைத்தோம். புதிதாக நம் முறைமைக்குள் வருகிறவர்கள் எந்த இடத்தில் வாயைத் திறப்பது என்று தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்ப்பது இதனால் நின்றது.

இனி, யார் கையில் கொடுப்பது என்ற விஷயம். ஊழியர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான காரியம் இதுதான். மென்பொருளைக் கற்றுக்கொண்டு நீங்களே ஓட்டாதீர்கள். ஐயரம்மா தலையிலும் கட்டாதீர்கள். எல்லா வழக்கையும் தானே உட்கார்ந்து தீர்த்துக்கொண்டிருந்த மோசேக்கு அவர் மாமனார் எத்திரோ சொன்ன ஆலோசனை யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதன்மேல் நாமெல்லாம் பிரசங்கம் பண்ணியிருக்கிறோம். சனிக்கிழமை இரவு அது நம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

எங்கள் ஊர்களில் கணினி தெரிந்த பையன்கள் படிப்பு முடிந்ததும் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார்கள். ஒருவரையே நம்பியிருந்தால் அவர் போகும் நாளில் திரையும் நின்றுவிடும். அதனால் வாலிபர் ஐக்கியத்தில் மூன்று நான்கு பேரையாவது பழக்குங்கள், பெண்பிள்ளைகளைச் சேர்த்தே பழக்குங்கள். எங்கள் தலைமைச் சபையில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளைதான் இப்போது பொறுப்பு. பாட்டு வரிசையை வெள்ளிக்கிழமை மாலைக்குள் அவள் கையில் சேர்த்துவிட வேண்டும் என்று சபைக் கமிட்டியில் தீர்மானமே போட்டோம். இரண்டு முறை பாடகர் குழு தாமதித்தபோது, "ஐயா, வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னீங்க" என்று என்னிடமே வந்து கேட்டாள். அந்தக் கேள்வியால் எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆராதனையின் ஒரு பகுதியைத் தன்னுடையதாக எண்ணுகிற ஒரு பிள்ளை சபையில் வளர்கிறாள் அல்லவா! அவளும் ஆராதிக்க வந்தவள்தான். எனவே மாதத்தில் ஒரு ஞாயிறாவது வேறொருவர் இயக்க, அவள் தன் வீட்டாரோடு உட்கார வேண்டும் என்பதையும் ஒழுங்காக வைத்திருக்கிறோம்.

கைப்பேசியிலிருந்தே இயக்கும் வசதியும் இருக்கிறது. கணினியும் போனும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இணையம் வேண்டாம். அமைப்புகளில் ரிமோட் பகுதியைத் திறந்தால் 4316 என்று முடியும் ஒரு முகவரி காட்டும். அதைப் போனின் பிரவுசரில் போட்டால் பாட்டைத் தள்ளலாம். கடவுச்சொல் வைத்துவிடுங்கள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இதே வழியில் மேடைக்கென்று தனிப் பக்கம் ஒன்று உண்டு. இப்போதைய வரியோடு அடுத்த வரியும் அதில் தெரியும். பாடகர் குழு முன்னால் பழைய டேப்லெட் ஒன்றை வைத்தால் அவர்கள் கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்க்க வேண்டாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. முழு மென்பொருளும் கணினியில்தான் ஓடும். போனை மட்டும் வைத்திருக்கிற சிறு சபைக்கு உதவாது. விண்டோஸ் கணினியில் பவர்பாயிண்ட் கோப்புகளை இதற்குள்ளிருந்து காட்ட வேண்டுமானால் பவர்பாயிண்டோ லிப்ரே ஆபீசோ அந்தக் கணினியில் தனியாக இருக்க வேண்டும். சிக்கல் வந்தால் போன் போட்டுக் கேட்க ஆள் கிடையாது, பயனர் கையேட்டைப் படித்துத்தான் தீர்க்க வேண்டும். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. மின்சாரம் போனால் மடிக்கணினி விழித்திருக்கும், டிவி அணைந்துவிடும். ஆகவே பாட்டுப் புத்தகங்களைப் பெட்டியில் கட்டிப் போட்டுவிடாதீர்கள். துக்க வீட்டிலும் வீட்டு ஜெபத்திலும் புத்தகம்தான் துணை.

கணினி ஏற்கெனவே இருந்தால், காணிக்கைப் பணத்தில் சபை செலவிட வேண்டியது டிவிக்கோ புரொஜெக்டருக்கோ மட்டும்தான். கிழக்கு ஜன்னல் வழியாகக் காலை வெயில் விழும் ஆலயங்களில் புரொஜெக்டர் வெளிறிப்போகும், டிவியே நல்லது. உபயம் கொடுப்பவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒவ்வொரு பாட்டின் ஓரத்திலும் தன் தகப்பனார் பெயர் வர வேண்டும் என்று ஒருவர் கேட்டார். அவருடைய அன்பு எனக்குப் புரிந்தது. ஆனாலும் பாடுகிற வரிக்குப் பக்கத்தில் எந்த மனிதர் பெயரும் வரக் கூடாது என்று சொன்னேன். டிவியின் பின்புறத்தில் சிறிய தகடு பதித்து, ஸ்தோத்திர ஜெபத்தில் பெயரைச் சொல்வதென்று முடிவாயிற்று. கமிட்டியில் இரண்டு பேருக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. இப்படிப்பட்ட வருத்தங்களைத் தாங்குவதும் ஊழியத்தில் சேர்ந்ததுதான். அதற்காக முடிவை மாற்ற நான் சம்மதிக்கவில்லை.

இன்னொரு விஷயம்: இந்தியாவில் பதிப்புரிமை, எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை இருக்கும். சாஸ்திரியார் 1864இல் மறைந்தவர், அவர் பாடல்களில் சிக்கல் இல்லை. ஆராதனையை யூடியூபில் நேரலை செய்கிற சபைகள், இப்போது வாழ்கிற ஊழியர்களின் பாடல்களுக்கு அனுமதி கேட்டுவிடுவது நேர்மையானது.

கடைசியாக, இடமாற்றம். எங்களுக்கெல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உத்தரவு வரும். பாட்டுக் கோப்புகள் போதகரின் சொந்த மடிக்கணினியில் இருந்தால் அவரோடு அவையும் போய்விடும், அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓப்பன்எல்பியில் பாடல்கள் எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. மாதக் கடைசியில் அதைச் செய்து ஒரு பிரதியைச் சபைச் செயலரிடமும், இன்னொன்றைப் பென் டிரைவில் போட்டு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் பீரோவிலும் வைத்துவிடுங்கள். சின்னச் சபைகளுக்கும் அதே கோப்பைக் கொடுங்கள். டிவி வாங்கும் நாளில் அவர்கள் ஒரு பாட்டைக்கூடத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது.