எக்ஸ்ரேயா, ஸ்கேனா? செல்லப்பிராணிக்கு எதை எப்போது எடுப்பது

நாய் இரண்டு நாளாக வாந்தி எடுக்கிறது. மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கிறார், அப்புறம் வயிற்று ஸ்கேனும் வேண்டும் என்கிறார். 'ஒன்றிலேயே தெரியாதா?' என்று கேட்கத் தோன்றும். பல நேரம் தெரியாதுதான். எக்ஸ்ரே காட்டுவது நிழலை. உறுப்பின் உள்ளமைப்பையும் அசைவையும் காட்டுவது ஸ்கேன், அதாவது ஒலி அலைகளால் படமெடுக்கும் அல்ட்ராசவுண்ட்.

எலும்புத்துண்டு, நாணயம், ஊசி எல்லாம் எக்ஸ்ரேயில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். துணியும் நூலும் அப்படித் தெரியாது. பூனை நூலை விழுங்கும்போது சில சமயம் அதன் ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொள்ளும், மறுமுனை குடலுக்குள் போய்விடும். குடல் அந்த நூலின் மேல் ஏற ஏற, நாடா இழுத்த பாவாடை போலச் சுருங்கும். எக்ஸ்ரேயில் நூல் தெரியாவிட்டாலும், ஓரிடத்தில் கும்பலாகக் கூடிய குடலும் அதில் சிக்கிய சின்னச் சின்ன காற்றுக் குமிழ்களும் காட்டிக்கொடுக்கலாம். ஸ்கேனில் அந்த மடிப்புகளையே பார்க்க முடியும். (வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுத்துவிடாதீர்கள். குடல் அறுபட்டுவிடும்.)

சிறுநீர்ப்பைக் கல்லிலும் இதே கதைதான். கால்சியம் ஆக்சலேட், ஸ்ட்ரூவைட் கற்கள் எக்ஸ்ரேயில் தெரியும். டால்மேஷியன் நாய்களுக்கு அடிக்கடி வரும் யூரேட் கல் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேனில்தான் அகப்படும்.

அதற்காக ஸ்கேன்தான் மேல் என்று சொல்லிவிட முடியாது. காற்று அதற்குப் பெரிய எதிரி. முடிகளுக்கு இடையே நிற்கும் காற்றே ஒலியைத் தடுத்துவிடும், அதனால்தான் வயிற்று முடியை மழிக்கிறார்கள். பெரிய நாயின் வயிறு திடீரென்று உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். அங்கே எக்ஸ்ரேதான் கை கொடுக்கும், உடனே எடுக்க வேண்டும். சினையாக இருக்கும் நாய்க்கு ஏறக்குறைய 25 நாளில் குட்டிகளின் இதயத் துடிப்பை ஸ்கேன் காட்டிவிடும், ஆனால் எண்ணிக்கையில் தவறும். 55 நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் மண்டையோடுகளை எண்ணிச் சொல்லலாம்.

ஒரு இடத்தில் மட்டும் நான் சந்தேகமே இல்லாமல் ஸ்கேன் பக்கம். மூச்சுத் திணறி வாயைத் திறந்து மூச்சு விடும் பூனையை எக்ஸ்ரேவுக்காக மல்லாக்கப் படுக்க வைத்தால், அந்தப் பதற்றத்திலேயே உயிர் போகக்கூடும். ஆக்சிஜன் கொடுத்தபடி, அது உட்கார்ந்த நிலையிலேயே ஓரிரு நிமிடம் நெஞ்சில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தால் நீர் கோத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் அந்த நீரை உடனே ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடலாம். எக்ஸ்ரே பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

சரி, சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும்? இரண்டுக்கும் விலங்கு அசையாமல் இருக்க வேண்டும், எனவே பெரும்பாலும் மயக்க மருந்து தேவை. மூக்கின் உட்பகுதி, நுரையீரலில் சிறு கட்டி, சிக்கலான எலும்பு முறிவு என்றால் சி.டி. சில நிமிடங்களில் முடியும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எம்.ஆர்.ஐ.க்கு நிகரில்லை, ஆனால் பெரும்பாலும் முக்கால் மணி நேரமாவது மயக்கத்தில் வைத்திருக்க வேண்டும். தோலுக்கடியில் மைக்ரோசிப் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஆபத்தில்லை, அந்த இடத்தில் மட்டும் படம் கலங்கும்.

டாஷ்ஹண்ட் போன்ற குட்டைக் கால் நாய்க்குத் திடீரென்று பின்னங்கால்கள் விழுந்துவிட்டால், எம்.ஆர்.ஐ. தொலைவில்தான் கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவதே பெரும்பாலும் காரணம். இந்த இனங்களில் அந்த வட்டில் சுண்ணாம்பு படிந்திருப்பது சாதாரணம், அதனால் சி.டி.யிலேயே பெரும்பாலும் பிடிபடும். நாயின் பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினாலும் வலி தெரியாத நிலை வந்துவிட்டால், அருகில் எது இருக்கிறதோ அதில் எடுத்து அன்றே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும்.