வீங்கும் களிமண்ணில் ஆடுகளம்: கான்கிரீட்டா, தாரா, டைல்ஸா?

கொல்லைப்புறத்தில் ஆடுகளம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் மேல்தளத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். என்ன நிறம், பந்து எவ்வளவு எழும்பும், எத்தனை வருஷம் உழைக்கும்? மண் நல்ல மண்ணாக இருந்தால் அது போதும். நனைந்தால் உப்பி, காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும் களிமண்ணாக இருந்தால் வேறு கேள்வி கேட்கவேண்டும்: மண் அசையும்போது இந்தத் தளம் ஒரே பலகையாக எழும்பித் தாழுமா, உடையுமா, இல்லை பிரித்து மட்டம் பார்த்துத் திரும்பப் போட முடியுமா?

கணக்குக்கு 30 அடிக்கு 60 அடி இடம் என்று வைத்துக்கொள்வோம். பேட்மிண்டனோ பிக்கிள்பாலோ (இரண்டுக்கும் கோர்ட் சுமார் 20×44 அடிதான்) ஓட இடம் விட்டு அடங்கும். மொத்தம் 1,800 சதுர அடி, அதாவது 167 சதுர மீட்டர்.

மண் எவ்வளவு வீங்கும் என்று ஒரே நாளில் பார்த்துவிடலாம். உலர்த்திப் பொடித்து 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவுக்குழாய்களில் போடுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய், இரண்டிலும் 100 மி.லி. கோடு வரை. கலக்கி, 24 மணி நேரம் விடவேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது. தண்ணீரில் இருக்கும் மண் அதைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாக உயர்ந்திருந்தால், கீழே சொல்லும் முதல் வழியை விட்டுவிடுவது நல்லது.

அந்த முதல் வழி, கம்பி கட்டிய சாதாரண கான்கிரீட் தளம். 100 மி.மீ. கனத்துக்கு சுமார் 17 கன மீட்டர் கலவை, மிக்சர் லாரி மூன்று நடை. விரிசல் கண்ட இடத்தில் ஓடாமல் ஒரே கோட்டில் விழ, 2.5 முதல் 3 மீட்டருக்கு ஒரு வெட்டு, 25 மி.மீ. ஆழத்தில், போட்ட அன்றைக்கே. மழையில் ஓரத்து மண் முதலில் நனைந்து ஓரம் தூக்கும். பிறகு தளத்தின் அடியில் ஆவியாகாமல் தங்கும் ஈரத்தால் நடுப்பகுதி எழும்பும். இந்த ஆட்டத்தில் தளம் வெட்டுக்களில் பிரிந்து படிபோல் நிற்கும். கால் தடுக்குவது அங்கேதான். கம்பி விரிசலைத் தடுக்காது, விரிந்த துண்டுகள் விலகாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். அதுவும் கவர் பிளாக் (கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) இல்லாமல் போட்டால், மிதித்து மிதித்து அடிமண்ணில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே அடிக்கும் அக்ரிலிக் வண்ணப் பூச்சுக்கு 28 நாள் காத்திருக்கவும் வேண்டும்.

இரண்டாவது, போஸ்ட் டென்ஷன் தளம் (கான்கிரீட் இறுகியபின் உள்ளே இருக்கும் கயிறுகளை இழுத்துப் பூட்டுவது), இதற்கு நேர் எதிர். கிரீஸ் தடவி பிளாஸ்டிக் உறையிட்ட 12.7 மி.மீ. எஃகுக் கயிறுகளை இரு திசையிலும் ஓட்டி, அடியில் வழுக்குவதற்கு இரண்டு அடுக்கு பாலித்தீன் விரித்து, கான்கிரீட் போடுவார்கள். ஓரிரு நாளில் பாதி இழுவை. தேவையான வலிமை வந்ததும், பெரும்பாலும் ஒரு வாரத்தில், முழு இழுவை. வெட்டுக்களே வேண்டாம். தளம் முழுக்க அமுக்கத்தில் இருப்பதால் மண் உப்பினாலும் ஒரே பலகையாக நகரும். ஆனால் ஹைட்ராலிக் ஜாக்கும் பழகிய ஆட்களும் இல்லாமல் தொடக்கூடாத வேலை. முடிந்தபின் துளை போடவும் கூடாது. கயிறு அறுந்தால் ஆளையே அடிக்கும். நெட் கம்பத்துக்கான குழாய்களை முன்பே பதித்துவிடவேண்டும்.

தார்த்தளம் வீட்டு அளவு வேலைக்குத் தோதில்லை. சூடான கலவை ஆறுவதற்குள் ரோலர் உள்ளே வரவேண்டும், கொல்லைக்கு அந்த வழி இருக்காது. அடிமண் வெடித்தால் அதே கோடு மேலே தெரியும்.

அவசரம் என்றால் எங்கள் தேர்வு நாலாவது: ஜல்லிப் படுகை, அதன்மேல் பாலிப்ரொப்பிலீன் நுரைப் பலகை, அதன்மேல் ஒன்றோடொன்று கோக்கும் டைல்ஸ். ஒரு சதுர அடி டைலாக 1,800 வேண்டும், உடைவதற்கு நாற்பது ஐம்பது சேர்த்து வாங்குங்கள். தோண்டுவதிலிருந்து விளையாடுவது வரை ஒரு வாரம் போதும். மண் நகர்ந்து எங்காவது பள்ளம் விழுந்தால் அந்தப் பகுதியைக் கழற்றி, கிரஷர் தூள் (கல் உடைக்கும்போது வரும் பொடி) போட்டு மட்டம் பார்த்து மூடிவிடலாம்.

கெடுவது பெரும்பாலும் தண்ணீரால். களிமண்ணில் 15 செ.மீ. தோண்டி வெறும் ஜல்லியைக் கொட்டினால் கட்டியது தொட்டிதான். மழை நீர் உள்ளே நின்று மண்ணை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். குழியின் அடித்தரையையே நூற்றுக்கு ஒன்று சரிவாகச் செதுக்கி, தாழ்ந்த ஓரத்தில் 100 மி.மீ. துளைக்குழாய் வைத்து வெளியேற்றுங்கள். எலும்பாய்க் காய்ந்த களிமண்ணை அடித்து இறுக்குவதும் தவறு, பின்னால் அதுதான் அதிகம் உப்பும். லேசாக ஈரப்படுத்தி இறுக்கி, ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணும் ஜல்லியும் கலக்காமல் தடுத்துத் தண்ணீரை விடும் துணி) விரித்து, தூளோடு கலந்த ஜல்லியை இரண்டு அடுக்காகப் போட்டு பிளேட் காம்பாக்டர் (அதிர்ந்து இறுக்கும் தட்டு மெஷின்) ஓட்டவேண்டும். இறுகியபின் 15 செ.மீ. நிற்க சுமார் 31 கன மீட்டர் உதிரி ஜல்லி ஆகும். மேலே மெல்லிய கிரஷர் தூள், 3 மீட்டர் மட்டப்பலகை வைத்து இழுத்து, இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியாமல். இங்கே மிச்சம் பிடிக்கும் நேரம், பின்னால் பலகை ஆடும்போது வட்டியோடு போகும்.

டைல்ஸ் வெயிலில் நீளும். 60 அடி நீளத்தில் 30 டிகிரி ஏறினால் ஒரே துண்டு பிளாஸ்டிக் ஐந்து செ.மீ. அளவுக்கு நீளும், கொக்கிகளின் தளர்வு அதில் ஒரு பங்கைத்தான் வாங்கிக்கொள்ளும். குளிர்ந்த காலையில் சுவரோடு ஒட்டிப் பதித்தால் மதியம் நடுவில் கூடாரம்போல் எழும்பும். எல்லாப் பக்கமும் இடைவெளி விடுங்கள், எங்கும் ஆணி அடிக்காதீர்கள்.

இதன் குறை பந்து எழும்பும் விதத்தில் இருக்கிறது. பேட்மிண்டனுக்கு அது பொருட்டே இல்லை. பாஸ்கெட்பாலில் கொஞ்சம் தெரியும், டென்னிஸில் நன்றாகவே தெரியும். டென்னிஸ்தான் முக்கியம் என்றால் காத்திருந்து போஸ்ட் டென்ஷனுக்குப் போகலாம். எதுவானாலும் பாஸ்கெட் கம்பத்துக்குத் தனி அடித்தளம், 60 செ.மீ. சதுரத்தில் 1.2 மீட்டர் ஆழமாவது, ஜல்லி கொட்டும் முன்பே போட்டுவிடவேண்டும். அதற்கும் தளத்துக்கும் நடுவில் விரல் அகல இடைவெளி விடுங்கள். இரண்டும் ஒரே அளவில் அசையாது.