ஆலிவ் பச்சை ஆசையில் 38,500 ரூபாய் போச்சு

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்பும் ஆப் ஒன்றை நம்பி 38,500 ரூபாயைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்களாவது தப்பிக்க என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஹாலுக்கும் ஒரு பெட்ரூமுக்கும் மண்வாசனையோடு ஒரு பச்சை வேண்டும், பாசிப்பயறைக் கொஞ்சம் வறுத்தால் வருமே, அந்த நிறம். அளவெடுக்க ஒரு தம்பி வந்தான். லேசர் கருவியைச் சுவரில் காட்டி 1,100 சதுர அடி என்றான். டேப்லெட்டில் எங்கள் ஹாலையே படமெடுத்து ஆலிவ் பச்சையில் காட்டினான். அம்மா போட்ட காபியைக் குடித்துவிட்டு, "நம்ம வீடு மாதிரி பாத்துக்கறேம்மா" என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். பட்டி, பிரைமர், கழுவக்கூடிய எமல்ஷன் ரெண்டு கோட், எல்லாம் சேர்த்து 55,000. எழுபது சதவீதம் அட்வான்ஸ். அங்கேயே 38,500 அனுப்பினேன்.

நல்ல கம்பெனி வாளியைக் காட்டி போட்டோ எடுத்தார்கள். அதோடு சரி. நான் ஆபீஸ் போன பிறகு எதைக் கலக்கினார்களோ! ஸ்விட்ச் போர்டுக்கு இந்தப் பக்கம் பாசி பிடித்த கிணற்றுச் சுவர், அந்தப் பக்கம் கிளிப்பச்சை. மீதிப் பணத்தை நிறுத்தியதும் ஆட்கள் வரவில்லை. பத்து நாள் கழித்து ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி பச்சையாகிவிட்டது, சுவரில் வெள்ளை தெரிகிறது.

எங்கள் தெரு பெயிண்டர் அண்ணன் விரலால் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார். "இது எமல்ஷனே இல்லம்மா. தண்ணி பட்டா கரையற மட்டமான டிஸ்டம்பர்ல ஸ்டெய்னரை, அதான் கலர் சாயத்தை, கையால கலக்கி அடிச்சிருக்கானுங்க." ஆலிவுக்குப் பச்சையோடு மஞ்சளும் கொஞ்சம் கருப்பும் சேர வேண்டுமாம். கடை மெஷினில் கலந்தால்தான் வாளிக்கு வாளி ஒரே நிறம் வரும், மூடியில் ஷேடு நம்பரும் ஒட்டித் தருவார்கள். எங்கள் வீட்டில் விட்டுப்போன வாளிகளில் மூடியே இல்லை.

ஆப்புக்குப் பேசினால் முதலில் "48 மணி நேரம் பொறுங்க மேடம்". அப்புறம் "உங்க சுவர்ல ஈரம் இருக்கு". ஈரமா? மூன்றாவது மாடி, மேலே இன்னொரு வீடு! அடுத்த ஆள், "ஸ்க்ரீன்ல தெரியற கலர் லைட்டுக்குத் தகுந்த மாதிரி மாறும்" என்றான். அது உண்மைதான், வெள்ளை எல்இடியில் ஆலிவ் வேறு மாதிரிதான் தெரியும். துணியில் ஒட்டுவதும் லைட்டாலா? கடைசியில், "பெயிண்ட் அடிச்சவங்க எங்க ஸ்டாஃப் இல்ல, நாங்க ஆள் சேத்து விடறதோட சரி" என்று கைகழுவிவிட்டார்கள். 38,500 வாங்கும்போது மட்டும் ஸ்டாஃபா?

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.

சரி, சொன்ன யோசனைகள். பெயிண்டை நீங்களே கடையில் பில்லோடு வாங்குங்கள். வாளியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். முதலில் ஒரு லிட்டர் வாங்கி சுவரில் ரெண்டடிக்கு அடித்து, பகலிலும் ராத்திரி லைட்டிலும் பாருங்கள். அட்வான்ஸ் எழுபது சதவீதம் கேட்டால் வாசலைக் காட்டுங்கள்.

இன்னும் இருக்கிறது. ஆனால் அண்ணன் சுரண்டுகிற தகட்டோடு வந்துவிட்டார், சோபாவை நகர்த்தணும்.