மாவி கார்ட் எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்கும் முன்

துருக்கியக் குடியுரிமையை விட்டுவிட்டு ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து நாட்டுக் குடியுரிமை எடுத்த குடும்பங்களிடம் “மாவி கார்ட் எடுத்துத் தருகிறோம்” என்று சொல்லிப் பணம் பறிப்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. முறைப்படி குடியுரிமையை விட்டவர்களுக்குத் துருக்கி அரசு தரும் உரிமை அட்டைதான் மாவி கார்ட். பெயர்ப்பலகையில் ஆலோசனை மையம் என்றிருக்கும். மொழிபெயர்ப்பு, விமான டிக்கெட், காப்பீடு எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். ஏமாந்தவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே கதைதான். முதலில் முன்பணம். அடுத்து ஒரு பவர் பத்திரம். கொஞ்ச நாளில் “அங்காராவில் ஃபைல் நிற்கிறது” என்று இன்னொரு தொகை. பிறகு போன் எடுப்பதில்லை. இவர்களில் ஒரு பகுதியினருக்குச் சட்டப்படி அந்த அட்டை கிடைக்க வழியே இல்லை. மற்றவர்கள் துருக்கித் துணைத் தூதரகத்தில் தாங்களே விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கும். இரண்டு தரப்பிடமும் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

இந்த அட்டை எதற்காக வந்தது என்று தெரிந்தால் பாதி ஏமாற்றைத் தவிர்க்கலாம். ஜெர்மானியக் குடியுரிமை வேண்டுமென்றால் பழைய குடியுரிமையை விட்டாக வேண்டும் என்பது அந்நாட்டின் பழைய விதி. விட்டால் ஊரில் உள்ள வீடு, நிலம், வாரிசுச் சொத்து என்னவாகும் என்ற பயத்தில் லட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் தயங்கின. அந்தப் பயத்தைப் போக்க, 1995 ஜூனில் 4112 எண் சட்டத்தின் மூலம் துருக்கி ஓர் ஏற்பாடு செய்தது. அரசின் அனுமதி பெற்று முறைப்படி வெளியேறியவர்களுக்குக் குடிமக்களின் உரிமைகள் தொடரும். அன்று கொடுத்தது இளஞ்சிவப்பு அட்டை. 2004-இல் அது நீல அட்டை, அதாவது மாவி கார்ட் ஆனது. இப்போது நடைமுறையில் இருப்பது 2009-இன் 5901 எண் குடியுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. 2012-இல் வந்த திருத்தம் அந்த உரிமையை மூன்றாம் தலைமுறை வாரிசு வரை நீட்டியது. அட்டைதாரர்களுக்கென்று தனிப் பதிவேட்டையும் உண்டாக்கியது.

28-ஆம் பிரிவு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. குடியுரிமை பிறப்பால் வந்ததாக இருக்க வேண்டும். அது போனது ‘சிக்மா இஸ்னி’ எனப்படும் வெளியேறும் அனுமதியின் வழியாக இருக்க வேண்டும். வேறு எந்த வழியில் போயிருந்தாலும் இந்தப் பிரிவு பொருந்தாது. 1964-இன் 403 எண் பழைய சட்டத்தின் 25-ஆம் பிரிவின்கீழ், ராணுவச் சேவைக்கு வராததாலோ அனுமதியில்லாமல் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததாலோ அரசே குடியுரிமையைப் பறித்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு மாவி கார்ட் கிடையாது. அவர்களுக்கு வேறு கதவு இருக்கிறது: 5901 சட்டத்தின் 43-ஆம் பிரிவு, துருக்கியில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் மீண்டும் குடிமகனாக விண்ணப்பிக்க வழி தருகிறது. தரகர் இதைச் சொல்லமாட்டார்; மாவி கார்டுக்கே பணம் வாங்கிக்கொண்டு, நிராகரிப்பு வந்ததும் “அதிகாரி சரியில்லை” என்பார்.

உதுமானியக் காலத்துத் தாத்தாவின் பெயரில் அட்டை வாங்கித் தருவதாகச் சொல்வது இதைவிட மோசம். 2018 பிப்ரவரியில் ஈ-தெவ்லெத் என்ற அரசு இணைய வாயிலில் வம்சாவளித் தேடல் திறந்தபோது கூட்டம் தாங்காமல் அது முடங்கியது. 1800-களில் பிறந்த முன்னோர் பெயர்கூட அதில் வருகிறது. அந்த அச்சுத்தாளைக் காட்டி அட்டை விற்கிறார்கள். முன்னோர் பெயர் பதிவில் இருப்பது உரிமை ஆகாது. வெளியேறும் அனுமதி பெற்றவரிலிருந்து எண்ணினால் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை, அதோடு சரி. கணவன் மனைவிக்கும் கிடையாது. நம்மிடையே ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வைத்திருப்பவர்கள் அதே கணக்கை இங்கே போடக் கூடாது: ஓசிஐ இந்தியரின் வாழ்க்கைத் துணைக்கும் கிடைக்கலாம், ஆனால் விவசாய நிலம் வாங்க விடாது, மாவி கார்ட் துணைக்குக் கிடைக்காது, ஆனால் நிலம் வாங்க விடும்.

ஆகவே யாருக்கும் ஒரு சென்ட் கொடுக்கும் முன் எடுக்க வேண்டிய காகிதம் ஒன்றே ஒன்று: ‘வுகுவாத்லி நூஃபுஸ் கயித் ஓர்னெய்’. குடும்பத்தில் நடந்த பிறப்பு, திருமணம், இறப்பு, குடியுரிமை மாற்றம் அனைத்தும் குறிக்கப்பட்ட குடிப்பதிவு நகல் அது. தூதரகத்திலோ துருக்கியில் உள்ள நூஃபுஸ் (குடிப்பதிவு) அலுவலகத்திலோ கேட்கலாம். எந்தத் தேதியில், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் குடியுரிமை போனது என்பதை அதில் பாருங்கள். கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

அந்தக் காகிதத்தில் இன்னொன்றும் தெரியவரலாம்: நீங்கள் இன்னும் துருக்கியக் குடிமகனாகவே இருக்கலாம். அனுமதி கிடைத்தவுடன் குடியுரிமை போய்விடாது. வெளியேற்றச் சான்றைக் கையெழுத்திட்டு வாங்கும் கணத்தில்தான் போகும். அனுமதியோடு நின்றுவிட்டவர்கள் உண்டு. பிள்ளைகள் விஷயத்தில் இது பெரிய சிக்கல். தாயோ தந்தையோ குடிமகனாக இருந்தபோது வெளிநாட்டில் பிறந்த குழந்தை, தூதரகத்தில் பதியாவிட்டாலும் பிறப்பாலேயே துருக்கியக் குடிமகன். பெற்றோர் வெளியேறியபோது அந்தக் குழந்தையையும் சேர்த்திருந்தால் ஒழிய அந்த நிலை மாறாது. இப்படிப்பட்ட பையனுக்கு மாவி கார்ட் என்று தரகர் மனுப் போடுவார். அலுவலகம் பதிவைத் துருவிப் பார்த்து அவனைக் குடிமகனாகப் பதியும். ராணுவச் சேவைக் கடமையும் கூடவே வரும். பெற்றோரோடு சேர்ந்து வெளியேறிய பிள்ளைக்கும், அவர்கள் வெளியேறிய பின் பிறந்த பிள்ளைக்கும் மட்டுமே மாவி கார்ட் பொருந்தும். இரண்டு தேதிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது யாராலும் முடிகிற வேலை.

தகுதி உறுதியானால் மிச்சம் எளிது. பதிவில் ஏற்கெனவே இருப்பவர் அடையாள ஆவணமும் புகைப்படமும் கொண்டுபோனால் போதும். வாரிசு என்றால் பிறப்பை அட்டைதாரர் பதிவேட்டில் முதலில் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறந்த ஊரின் பதிவகத்தில் ‘ஃபார்முல் ஆ’ எனப்படும் பன்மொழிப் பிறப்புச் சான்றை வாங்குங்கள்; பெற்றோர் திருமணத்துக்கு ‘ஃபார்முல் பே’. ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, துருக்கி எல்லாம் 1976 வியன்னா உடன்படிக்கையில் இருப்பதால் இந்தப் படிவத்துக்கு மொழிபெயர்ப்பும் வேண்டாம், அப்போஸ்தில் முத்திரையும் (வெளிநாட்டில் செல்லுபடியாக ஆவணத்தில் இடும் அரசுச் சான்று) வேண்டாம். உள்ளூர் மொழிச் சான்றை வாங்க வைத்து, அதற்கு மொழிபெயர்ப்புக் கட்டணம், முத்திரைக் கட்டணம் என்று தரகர் பில் போடுவது வெறும் கொள்ளை. அட்டைக்கான அரசுக் கட்டணம் சிறு தொகைதான். ஆண்டுக்கு ஆண்டு மாறும், தூதரகத்தில் கேட்டுக்கொள்ளலாம். பழைய குடும்பப் பெயரும் புதிய பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் வேறு என்றால், இருவரும் ஒருவரே என்னும் பெயர் ஒப்புச் சான்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நிலப்பதிவில் மாட்டிக்கொள்ளும்.

அட்டை கையில் வந்த பிறகும் சிலர் விடுவதில்லை. அட்டைதாரருக்குக் குடியிருப்பு அனுமதி தேவையில்லை, வேலை அனுமதி தேவையில்லை. வெளிநாட்டவர் நிலம் வாங்கும்போது உள்ள 30 ஹெக்டேர் உச்சவரம்பு அவருக்கு இல்லை. வெளிநாட்டவரிடம் 2019 முதல் கேட்கும் மதிப்பீட்டு அறிக்கையும், 2022 முதல் கேட்கும் அந்நியச் செலாவணி மாற்றுச் சான்றும் அவருக்கு இல்லை. இவற்றுக்கெல்லாம் கட்டணம் கேட்கும் வீட்டுத் தரகர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள். இல்லாத உரிமைகள் இவைதாம்: ஓட்டுப் போடுவது, தேர்தலில் நிற்பது, நிரந்தர அரசுப் பணி, வாகனத்தையும் வீட்டுச் சாமானையும் வரியில்லாமல் கொண்டுவருவது. “கார்ட் இருந்தால் ஜெர்மன் காரை வரியில்லாமல் இறக்கலாம்” என்று எவரேனும் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அட்டை பயண ஆவணமும் அல்ல. எல்லையில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்ட வேண்டும். காட்டாமல் நுழைந்தால் சாதாரண சுற்றுலாப் பயணியாகக் கணக்கில் ஏறி, திரும்பும்போது கூடுதல் நாள் தங்கியதாக அபராதப் பிரச்சினை வரும்.

பவர் பத்திரத்தைப் பற்றித்தான் மிக அழுத்திச் சொல்ல வேண்டும். அட்டை இழப்பு ஒரு தொகையோடு போகும். இங்கே வீடே போகும். மாவி கார்ட் விண்ணப்பத்துக்குச் சொத்து விற்கும் அதிகாரம் எதற்கு என்று கேளுங்கள். தரகர் நீட்டும் அச்சுவார்ப்பில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: ‘சதிஷ்’, அதாவது விற்பனை அதிகாரம்; ‘அஹ்ஸு கப்ஸ்’, உங்கள் பெயரில் பணம் பெற்றுக்கொள்ளும் அதிகாரம்; ‘தெவ்கில்’, இந்த அதிகாரத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் அதிகாரம். மூன்றும் சேர்ந்திருந்தால் உங்களுக்கு முகமே தெரியாத ஒருவர் உங்கள் நிலத்தை விற்றுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம், காகிதத்தில் எல்லாம் சட்டப்படி இருக்கும். நிலப் பரிவர்த்தனைக்கான பவருக்குப் புகைப்படம் ஒட்ட வேண்டும். அட்டை வேலைக்குப் போட்டோ ஒட்டிய பவர் கேட்டால் அதுவே எச்சரிக்கை மணி. ஈ-தெவ்லெத் கடவுச்சொல்லையும் யாருக்கும் தராதீர்கள்.

வாரிசுச் சொத்திலும் இதே ஆட்கள் நுழைகிறார்கள். 2011 முதல் துருக்கியில் நோட்டரியே வாரிசுச் சான்று தருகிறார். ஆனால் கேட்பவர் வெளிநாட்டவர் என்றாலோ குடிப்பதிவு போதவில்லை என்றாலோ நீதிமன்றம்தான் போக வேண்டும். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளை, பேரப்பிள்ளைகளைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் பின்னால் வரும் வழக்குச் செலவு பெரும்பாலும் மிச்சம்.

ஓய்வூதியப் பேச்சு இன்னொரு வலை. வெளிநாட்டு ஆண்டுகளுக்குப் பணம் கட்டித் துருக்கியில் ஓய்வூதியம் பெற 1985-இன் 3201 எண் சட்டம் வழிசெய்கிறது. அதில் துருக்கியக் குடிமகனாக இருந்த காலம் மட்டுமே கணக்கில் வரும். வெளியேறிய பின்னுள்ள ஆண்டுகள் வராது, பிறப்பிலிருந்தே ஜெர்மானியரான பேரனுக்கு எதுவும் வராது. 2019 ஆகஸ்டில் கட்டண விகிதம் 32-இலிருந்து 45 சதவீதமாக ஏறியது. சுயதொழில் செய்வோர் பிரிவில்தான் சேர்ப்பார்கள். பழைய கணக்கைக் காட்டி ஆசை காட்டுபவரை நம்பாதீர்கள்.

கடைசியாக, மீண்டும் குடியுரிமை. “ரகசியமாக எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே யாருக்கும் தெரியாது” என்பார்கள். ஜெர்மனியில் 2000 ஜனவரி 1-க்குப் பின் அப்படி எடுத்தவர்கள் ஜெர்மானியக் குடியுரிமையைத் தானாகவே இழந்தார்கள். 1999-இல் மனுப் போட்டு 2000-க்குப் பின் ஆணை வந்தவர்களும் தப்பவில்லை. 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. ஆனால் அந்தச் சட்டம் முன்பு இழந்ததைத் திருப்பித் தரவில்லை. ஆஸ்திரியாவில் தானாக இழக்கும் விதி இன்றும் இருக்கிறது. 2017-இல் துருக்கிய வாக்காளர் பட்டியல் என்று சொல்லப்பட்ட ஒன்று அங்கே கைமாறி, பலர்மேல் விசாரணை நடந்தது. அந்தப் பட்டியலை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று 2018 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லும்வரை குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆஸ்திரியாவில் இருப்பவர் மாவி கார்டோடு நிற்பதே பாதுகாப்பு. ஆண்கள் மீண்டும் குடிமகனானால் ராணுவக் கணக்கும் திறக்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஏற்கெனவே பவர் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே செய்ய வேண்டியது: துணைத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ ‘அசில்நாமே’ எனப்படும் ரத்துப் பத்திரம் எழுதுங்கள். அதை முகவருக்கு அனுப்பினால் மட்டும் போதாது. சொத்து இருக்கும் ஊரின் தாப்பு (நிலப்பதிவு) அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை நடக்கும் விற்பனையைத் தடுப்பது கடினம். ஈ-தெவ்லெத்தின் தாப்பு விவரப் பக்கத்தில் சொத்து இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அந்த ரசீது, வாட்ஸாப் உரையாடல், கடையின் பில் எல்லாவற்றையும் சேர்த்து, நீங்கள் வாழும் ஊர்க் காவல்துறையிலும் துருக்கி அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். உதவிக்கு ஆள் வேண்டும் என்றால், துருக்கியில் பிறருக்காகச் சட்ட வேலை பார்க்கும் உரிமை வழக்கறிஞர் சங்கத்தில் பதிந்த வழக்கறிஞருக்கே உண்டு. பெயரைத் துருக்கி வழக்கறிஞர் சங்கங்களின் ஒன்றியத்து இணையப் பட்டியலில் தேடிப் பார்த்து, கட்டணத்தை எழுத்தில் வாங்கிய பிறகு, அந்த ஒரு வேலைக்கு மட்டுமான பவரில் கையெழுத்திடுங்கள்.