மோரியில் ஒரு மோட்டல்: தண்ணீருக்கு ஐந்து நட்சத்திரம், காலை உணவுக்கு ஒன்று

நிலத்தடி வெந்நீர்க் குளியலுக்குப் பேர்போன ஆஸ்திரேலிய ஊர் மோரி, சிட்னியிலிருந்து ஏறத்தாழ 630 கிலோமீட்டர். அப்பாவின் முட்டிவலிக்காக ஜூலைக் குளிரில் போனோம். மோட்டலின் பெயரைப் போடவில்லை. குறை சொல்லப் போகிறேன், ஆனால் நடத்துகிறவர்கள் நல்ல மனிதர்கள்.

குறையை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு இரவுக்கு 165 டாலர். அறையில் ஹீட்டர் கடகடக்கிறது. காலை உணவு என்பது நாலு துண்டு ரொட்டியும் குட்டி டப்பாவில் வெஜிமைட் என்கிற உப்புக்கரிக்கும் கறுப்புப் பசையும். அப்பா அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் நான் கொண்டுபோன புளியோதரையை எடுத்துக்கொண்டார்.

சரி, தண்ணீருக்கு வருவோம். பின்பக்கம் இரண்டு வெந்நீர்த் தொட்டிகள், சூடானதில் 41 டிகிரி. காலை ஆறு மணிக்கு வெளியே பல் கிட்டும் குளிர், தொட்டிக்குள் கழுத்துவரை சுகம். லேசாக முட்டை வாடை வரும், ஐந்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். சோடா உப்பு கலந்த தண்ணீர் என்பதால் சோப்பே போடாமல் தோல் வழவழக்கிறது. வெள்ளிக் கொலுசைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், கறுத்துவிடும்.

இது யாரும் காய்ச்சிய வெந்நீர் இல்லை. கிழக்கே மலைத்தொடரில் பெய்யும் மழை மணற்பாறைக்குள் இறங்கி, வருஷத்துக்கு ஒன்று முதல் ஐந்து மீட்டர் என்று ஊர்ந்து வருகிறது. தண்ணீர் கசியாத பாறை மேலே மூடியாக இருப்பதால் தப்ப வழியில்லை. உள்ளே போன இடம் மேடு, மோரி பள்ளம். கொத்தனார் மட்டம் பார்க்க டியூபில் தண்ணீர் விட்டு இரண்டு முனையையும் தூக்கிப் பிடிப்பாரே, அதே கதைதான். மூடியில் துளை போட்டால் மேட்டின் உயரத்தை எட்டப் பார்த்துத் தண்ணீர் தானே எழும்பும். ஆழத்தில் பூமியின் சூடும் ஏறிவிடுகிறது. இப்படி ஒரு நீர்ப்படுகை ஆஸ்திரேலியாவின் அடியில் 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது.

இதை அப்பாவுக்கு விளக்கப் போய் நான்தான் அசடு வழிந்தேன். அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் 31 வருஷம் பம்ப் பிரிவில் இருந்தவர். பழுப்பு நிலக்கரிக்கு அடியிலும் இதே அழுத்தத் தண்ணீர்தான். ராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். "இதோட மல்லுக்கட்டியே என் சர்வீஸ் போச்சு. இவங்க என்னடான்னா காசு வாங்கிட்டு உக்கார வைக்கிறாங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மோரியில் 1895-ல் கிணறு தோண்டியது பாசனத்துக்காக. உப்பு மிகுதி, பயிருக்கு ஆகவில்லை, குளியலுக்கு ஆயிற்று. ஊரின் பொதுக் குளத்தையும் போய்ப் பார்த்தோம். பழங்குடிப் பிள்ளைகளை அங்கே உள்ளே விடாத காலம் இருந்தது. 1965 பிப்ரவரியில் பழங்குடி மாணவர் சார்லஸ் பெர்கின்ஸும் மற்ற சிட்னி பல்கலைக்கழக மாணவர்களும் பஸ்ஸில் வந்து அந்தப் பிள்ளைகளோடு வாசலில் நின்று போராடினார்கள். நான் சொல்லி முடித்ததும் அப்பா, "தண்ணியில எறங்க விடலியா? இங்கயுமா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மாலையில் ஆளைக் காணோம். தேடினால் மோட்டலின் பின்சுவரில் காதை வைத்து நிற்கிறார். "தானா வரலம்மா. மோட்டார் ஓடுது." வரவேற்பில் இருந்த அம்மா ஒப்புக்கொண்டார். இந்தப் படுகையில் பல்லாண்டுகளாகக் கிணறுகளைத் திறந்தபடி விட்டு, வாய்க்காலில் வீணாக ஓடவிட்டதில் அழுத்தம் இறங்கிவிட்டதாம். இப்போது கிணறுகளுக்கு மூடி போட்டுக் குழாயில் கொண்டுபோகிறார்கள்.

அறை எடுத்தால் முன்பக்கம் கேளுங்கள், பின்பக்கத்தில் இந்தச் சத்தம் விடிய விடியக் கேட்கும். எங்களுக்குப் பின்பக்கம்தான் கிடைத்தது. அப்பா நன்றாகத் தூங்கினார். கிளம்பும்போது மட்டும், "பேரிங் தேஞ்சிருக்கு, அந்தம்மாகிட்ட சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டேன்.