கோட்டையூர் உப்புக்கண்டம்: வாங்கலாமா?

கோட்டையூரில் ஒரு ஆச்சி வீட்டிலேயே போட்டு விற்கும் ஆட்டுக்கறி உப்புக்கண்டம், அதாவது உப்புப் போட்டு வெயிலில் காயவைத்த கறி, கால் கிலோ 500 ரூபாய்க்கு வாங்கினேன். நல்ல காய்ச்சல், துண்டை ஒடித்தால் சடக்கென்று ஒடிகிறது, ஈர வாடை துளியும் இல்லை. வெந்நீரில் அலசி, அம்மியில் தட்டி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்கினால் ரசம் சாதத்துக்கு வேறெதுவும் வேண்டாம்.

அன்று சாயங்காலமே சென்னையிலிருந்து மருமகன் வாட்ஸ்அப்பில்: "மாமா, இது சிகரெட்டோட ஒரே பட்டியலில் இருக்கு. 18 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வருமாம்." வீட்டம்மா பொட்டலத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

சரி, என்னதான் சொல்கிறார்கள் என்று உட்கார்ந்து படித்தேன். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உப்பிட்ட, புகையிட்ட, பதப்படுத்திய இறைச்சியை, புற்றுநோய் உண்டாக்குபவை என்ற குரூப் 1 பட்டியலில் சிகரெட்டோடு வைத்தது உண்மை. நம் உப்புக்கண்டமும் அதில் அடங்கும். ஆனால் குரூப் 1 என்றால் சான்று உறுதியானது என்றுதான் பொருள். ஆபத்து எவ்வளவு என்பது வேறு கணக்கு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் எல்லாம் ஒரே மார்க்கா வாங்குகிறான்? 31 வருஷம் வாத்தியாராக இருந்தவன் கேட்கிறேன். அப்போது அவர்களே காட்டிய மதிப்பீட்டில், ஆண்டுக்குப் புகையிலையால் சுமார் 10 லட்சம் புற்றுநோய்ச் சாவுகள். இந்த வகைக் கறியை அதிகம் தின்பதால் சுமார் 34,000.

அந்த 18 சதவீதம், தினமும் 50 கிராம் தின்றால் குடல் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிற அளவு. பிரிட்டனில் போட்ட கணக்கு இது: மிகக் குறைவாகத் தின்பவர்களில் 1000-க்கு 56 பேருக்கு வாழ்நாளில் வருகிறது, மிக அதிகமாகத் தின்பவர்களில் 66 பேருக்கு. முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் பரண் ஏறியிருக்க வேண்டாம்.

என் கவலை உப்புதான். பிரஷர் மாத்திரை போடுகிறவன் நான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது அதே உலக நிறுவனம். பொட்டலத்தில் உப்பு எவ்வளவு என்று இல்லை, போட்ட தேதியும் இல்லை. அதற்கு ஒரு மார்க் குறைத்து, 5-க்கு 4. போன் போட்டுக் கேட்டால் ஆச்சி சிரிக்கிறார்: "கையளவுதான் சார். இதைத் தினமுமா திங்கப் போறிய? மழை பேஞ்சு கறிக்கடை இல்லாத அன்னைக்கு வச்சுக்கிறது."

வாங்குவதானால் வெயில் காலத்தில் போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். ஐப்பசிச் சரக்கு வேண்டாம்.

பொட்டலம் கீழே வந்துவிட்டது. மாதம் இரண்டு தடவை, ஆளுக்கு நாலு துண்டு. அன்றைக்கு ரசத்தில் பாதி உப்பு.